ரோபோ போட்டிகள்: விதிப்புத்தகத்தில் இல்லாத இரண்டு பக்கங்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர் எவரும் 2025-26 கல்வியாண்டு முதல் ரோபோவியலைத் தொடாமல் அவ்வகுப்பைக் கடக்க முடியாது. தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் அது கட்டாயப் பகுதியாகிவிட்டது. சுமார் 4.3 லட்சம் மாணவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறார்கள். அதற்கென 29,000 ரோபோக் கருவித் தொகுப்புகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டிருப்பதாகக் கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் அறிவித்தது. எல்லைக்கு இப்பால் நாமும் வாளாவிருக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவையும் ரோபோவியலையும் அறிமுகப்படுத்தும் ‘டி.என். ஸ்பார்க்’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் கீழ், அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய நிதிநிலை அறிக்கை சொன்னது.

ஆய்வகம் வந்தால் அடுத்து வருவது போட்டி. குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அவை நடத்தும் தொழில்நுட்ப விழாக்களில் பள்ளி மாணவர்களுக்கான ரோபோ ஓட்டமும் ரோபோ கால்பந்தும் இப்போது வழக்கமாகி வருகின்றன. இவற்றைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் கருவி வந்ததா, ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா, பரிசுத்தொகை எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. போட்டி அரங்கில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒன்று, அரங்கின் காற்றில் உலவும் வானலை. மற்றொன்று, எந்த அணியின் ரோபோ என்ன செய்யும் என்ற தகவல். இரண்டையும் யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதற்கு நம் ஊர்ப் போட்டிகளின் விதித்தாளில் ஒரு வரியும் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் கடைவரம்புப் பள்ளிகளின் பிள்ளைகள்தாம் என்பது என் துணிபு.

முதலில் காற்று. அலைக்கற்றை என்ற சொல் தமிழ் வாசகர் பலருக்கு 2ஜி வழக்கின் வழியாகத்தான் அறிமுகமானது. கோடிக்கணக்கில் ஏலம் போகும் அந்தச் சொத்தில் ஒரு சிறு துண்டு மேய்ச்சல் புறம்போக்குப் போல எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டிருக்கிறது. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அத்துண்டை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் அறிவித்தது. வீட்டு வைஃபை, புளூடூத், ட்ரோன்களை இயக்கும் கைக்கருவி, கம்பியில்லா ஒலிவாங்கிகளில் சில என்று எல்லாம் அங்கேதான் மேய்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் ஈ.எஸ்.பி-32 போன்ற சிறு பலகைகளும் எச்.சி-05 புளூடூத் தொகுதிகளும் இந்தத் துண்டைத் தவிர வேறெங்கும் இயங்கத் தெரியாதவை.

வைஃபைக்கு இத்துண்டில் பதின்மூன்று அலைவரிசைகள் உண்டு. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நாஞ்சில் நாட்டு வயல்காரருக்கு விளங்கும்படி சொன்னால், மடை பதின்மூன்று, வாய்க்கால் மூன்று. வைஃபை மரியாதை தெரிந்தது. வேறு யாரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்கும். புளூடூத்தோ 79 குறு அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தப்பித்துக்கொள்ளும். பத்துப் பேர் இருக்கும் வகுப்பறையில் இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். நானூறு கைப்பேசிகளும், அவற்றுள் ஐம்பதில் ஹாட்ஸ்பாட்டும், கல்லூரியின் சொந்த வைஃபையும், நாற்பது ரோபோக்களும் ஒரே கூரையின் கீழ்க் கூடும்போது ஒவ்வொரு கருவியும் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. தொடர்பு அடியோடு அறுவதில்லை, தாமதமாகிறது. அதுதான் இன்னும் கெட்டது. பிள்ளை விசையிலிருந்து விரலை எடுத்த பின்னும் ரோபோ ஓடிக்கொண்டிருக்கும். அது கடைசியாகக் கேட்ட கட்டளையை விசுவாசமாக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. இத்துடன், மனித உடலிலுள்ள நீரும் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆளில்லாத அரங்கில் காலையில் நடந்த ஒத்திகை, கூட்டம் நிறைந்த பிற்பகலுக்கு உத்தரவாதமாகாது.

மின்னணுவியல் கற்பித்தவன் என்ற முறையில் இத்தகைய போட்டிகள் சிலவற்றுக்கு நடுவராகச் சென்றிருக்கிறேன். ஒருமுறை நான்கு அணிகள் களத்தில் நின்றன. நான்கும் ஒரே வகைப் புளூடூத் தொகுதியை வாங்கியிருந்தன. அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் பெயரே ‘எச்.சி-05’ என்றுதான் இருக்கும். கடவுச்சொல் பெரும்பாலும் 1234. கைப்பேசியைத் திறந்தால் ஒரே பெயரில் நான்கு கருவிகள். ஓர் அணியின் மாணவி இணைப்பை அழுத்தினாள். அசைந்தது அடுத்த அணியின் ரோபோ. அந்தப் பிள்ளைகள் அரைமணி நேரம் தங்கள் மோட்டாரையும் மின்கலத்தையும் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றப் பத்து நிமிடம் போதும்; அதற்கான கட்டளைகள் அத்தொகுதியின் விளக்கத்தாளிலேயே உள்ளன. முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தொடர்பு தடுமாறியபோது, அனுபவமுள்ள பெரிய பள்ளியின் பயிற்சியாளர் நடுவர் மேசைக்கு வந்து உரக்க வாதிட்டு மறு ஆட்டம் பெற்றுக்கொண்டார். அதே தடுமாற்றம் நேர்ந்த கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இறங்கிவிட்டார்கள். தங்கள் செய்கையில்தான் பிழை என்று அவர்கள் நம்பினார்கள். காற்றின் குற்றத்தைத் தன் அறிவின் குற்றம் என்று எண்ணி வீடு திரும்பும் பதின்மூன்று வயதுப் பிள்ளை மறு ஆண்டு அந்த அரங்குக்கு வராமல் போகக்கூடும். கருவிக்கு அரசு செலவிடும் பணம் அங்கே வீணாகிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. மாணவர் ரோபோ போட்டிகளில் உலகெங்கும் அறியப்பட்ட ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு 1989-இல் அமெரிக்காவில் டீன் கேமனால் தொடங்கப்பட்டது. அதன் இளையோர் பிரிவுப் போட்டிகள் இந்தியாவிலும் நடக்கின்றன. 2012 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் அதன் உலகப் போட்டியின் இறுதிக்களத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, ரோபோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவற்று நின்றன. அமைப்பு அதை மூடி மறைக்கவில்லை. இறுதிக்களத்தில் ஆடிய அணிகளை ரோபோக்களுடன் மீண்டும் வரவழைத்துச் சோதனைகள் நடத்தி, அவ்வாண்டு ஜூலையில் விரிவான அறிக்கையைப் பொதுவில் வெளியிட்டது. ஒரு ரோபோவின் வைஃபை வலைக்குள் தவறான கடவுச்சொல்லுடன் நுழைய முயன்றாலே போதும், அந்த ரோபோவின் உண்மையான தொடர்பு அறுந்துவிடும் என்ற ஓட்டை அன்றைய கருவிகளில் இருந்திருக்கிறது. ஒருவர் ஒரு சாதாரணக் கைப்பேசியைக் கொண்டு அதைச் செய்திருக்கிறார்.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது குற்றவாளியைக் கண்டுபிடித்த பகுதியன்று. நின்றுபோன எல்லா ரோபோக்களுக்கும் அந்தக் கைப்பேசியே காரணம் என்று அது சொல்லவில்லை. சில ரோபோக்களின் உள்ளேயே இருந்த கோளாறுகளையும் தனித்தனியே பட்டியலிட்டது. நம் அரங்குகளிலும் ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு தளர்ந்த கம்பியும் வலுவிழந்த மின்கலமும்தான். மோட்டார் திடீரென்று மின்சாரத்தை இழுக்கும்போது பலகைக்குப் போகும் மின்னழுத்தம் சரிந்து, பலகை அணைந்து மீண்டும் உயிர்பெறும். பார்ப்பவருக்கு அது வானலைத் தடங்கல் போலவே தோன்றும். ஆகவே கோளாறு களத்தினுடையதா, ரோபோவினுடையதா என்று பிரித்தறிய ஒரு முறை வேண்டும். ‘ஃபர்ஸ்ட்’ விதிகள் இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. களத்தின் கோளாறு ஆட்டத்தின் முடிவைப் பாதித்திருந்தால் மறு ஆட்டம். ரோபோவின் சொந்தக் கோளாறுக்கு மறு ஆட்டம் இல்லை. குரலின் உயரத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

அந்தப் போட்டிகளின் வேறு சில ஏற்பாடுகளும் நமக்கு நேரே பொருந்துவன. அரங்கில் எந்த அணியும் தன் சொந்த வைஃபை வலையை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்து, உருவாக்கக் கூடாது. பெரிய பிரிவில், களத்துக்கு வெளியே ரோபோவைப் பழுதுபார்த்துச் சோதிக்கும் இடத்தில் கம்பி வழியாகத்தான் அதை இயக்க வேண்டும். வானலை களத்தில் ஆடுபவர்களுக்கு மட்டும். இளையோர் பிரிவில் ஒவ்வொரு ரோபோவின் வலைப்பெயரும் அணியின் எண்ணுடன் தொடங்க வேண்டும். எந்த அணி எந்த அலைவரிசையில் இயங்குவது என்பதைப் போட்டியின் அதிகாரி ஒதுக்கித் தரலாம். இவற்றுள் எதற்கும் டாலர் தேவையில்லை.

புதிய அலைக்கற்றை வந்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் பரப்பு 2018-இல் உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை விடுவிப்பதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதத்தில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. நல்ல செய்திகள்தாம். ஆனால் சில நூறு ரூபாய்ப் பலகையில் ரோபோ செய்யும் பிள்ளைக்கு அவை இப்போதைக்கு உதவா. உதவ வேண்டியது வேறு வழியில்: கல்லூரிகள் தங்கள் சொந்த வைஃபையைப் போட்டி நாளில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, பழைய புறம்போக்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இனி இரண்டாவது பொருள். எதிரணி என்ன செய்யும் என்று அறிவதை ஆங்கிலத்தில் ‘ஸ்கவுட்டிங்’ என்பார்கள். வேவு என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் இது மறைந்திருந்து பார்ப்பதன்று. எல்லார் கண்முன்னும் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக் குறித்துவைப்பது. நோட்டக் குறிப்பு என்று சொல்லலாம். கபடிப் பயிற்சியாளர் எதிரணியின் பாடிவரும் வீரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று குறித்துக்கொள்வதில்லையா, அதைப் போன்றது.

ரோபோ போட்டியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பின் பெரிய பிரிவில் மூன்று அணிகள் ஒரு கூட்டணியாக மூன்று அணிகளை எதிர்த்து ஆடும். முதற்சுற்றுகளில் கூட்டாளி யார் என்பதை அட்டவணையே தீர்மானிக்கும். காலையில் எதிரியாக நின்ற அணி மாலையில் உங்கள் பக்கத்தில் நிற்கும். பின்னர் முன்னணியில் உள்ள அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும். அறுபது ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு ரோபோவும் எத்தனை முறை பந்தைச் சேர்த்தது, எத்தனை முறை நின்றுபோனது என்று எழுதிவைத்த அணியே அங்கே சரியாகத் தேர்ந்தெடுக்கும். பட்டியலின் நடுவில் கிடக்கும் ஓர் எளிய அணியின் ரோபோ ஒரே வேலையைப் பிசகாமல் செய்கிறது என்பதை மதிப்பெண் பலகை காட்டாது. நோட்டக் குறிப்பேடு காட்டும். அதாவது, சிறிய பள்ளியின் பிள்ளைகள் பிறர் கண்ணில் படுவதற்கான வழியும் அதுவே.

ஒரு நேரத்தில் களத்தில் ஆறு ரோபோக்கள். எனவே ஆறு பேர் குறிக்க வேண்டும். நாள் முழுவதும் கண்ணை எடுக்காமல் குறிக்க வேண்டும் என்றால் மாற்றாள்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். முப்பது பிள்ளைகளை அழைத்துவரும் பள்ளிக்கு இது பொருட்டன்று. பேருந்துக் கட்டணம் பார்த்து நான்கு பேரை அனுப்பும் பள்ளிக்கு முடியாத காரியம். மூன்று சிறிய பள்ளிகள் ஆளுக்கு இரண்டு பேரைத் தந்து குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். ‘ஃபர்ஸ்ட்’ வட்டாரத்தில் தாம் சேகரித்த குறிப்புகள் முழுவதையும் பிறருக்குத் திறந்துவைக்கும் அணிகள் பல உண்டு. அமைப்பே ஆட்ட முடிவுகளை எந்த நிரலும் எடுத்தாளக்கூடிய வடிவில் தருகிறது. ‘தி ப்ளூ அலையன்ஸ்’ என்னும் தன்னார்வலர் தளம் ஆண்டாண்டுக்கால முடிவுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளிலோ, மாலையில் பரிசு வழங்கியதும் மதிப்பெண் தாள்கள் போன இடம் தெரிவதில்லை.

தகவலைப் பகிர்வது நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? தூத்தூர் முதல் நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் கூட்டாகப் போகின்றன. மீன்பாடு கண்ட இடத்தைத் தம் கூட்டத்தாருக்கு வயர்லெஸில் சொல்லிக்கொள்கின்றன. எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பதற்கு எழுதப்படாத முறை உண்டு. மீன்வளம் இருக்கக்கூடிய பரப்புகளைச் செயற்கைக்கோள் வழி கணித்து ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் எல்லாருக்கும் பொதுவில் அறிவிக்கிறது. அதனால் திறமையான படகோட்டிக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. அலைவரிசையைப் பங்கிடும் முறையும் அங்கே உண்டு. கடல்சார் வயர்லெஸில் 16-ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அழைத்தபின் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிட வேண்டும், அங்கேயே நின்று ஊர்க்கதை பேசக்கூடாது. விளையாட்டு அரங்கையும் கடலையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது, கரைக்கு எட்டாத வயர்லெஸ் தூரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இந்த மாவட்டம் மறக்கக்கூடியதன்று. ஆனால் அலை எட்டுவதும் எட்டாததும் எதனால் என்பதைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ரோபோ அரங்கைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. அந்தப் பாடத்தை ஒரு கோளாறாக மட்டும் பார்த்துப் பழுதுபார்த்துவிட்டுப் போகிறோம் என்பதே என் குறை.

இந்த இரண்டு பொருள்களும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன. நோட்டக் குறிப்பைச் சேர்க்க நம் பிள்ளைகள் முதலில் நாடுவது கைப்பேசியைத்தான். ஒருவர் ஹாட்ஸ்பாட்டைத் திறப்பார். ஐந்து பேர் இணைவார்கள். பகிர்வு விரிதாளில் எழுதுவார்கள். பத்து அணிகள் இப்படிச் செய்தால் பத்து வலைகள். களத்தில் ஆடும் தங்கள் ரோபோவின் மூச்சைத் தாங்களே அடைக்கிறார்கள். ‘ஃபர்ஸ்ட்’ அணிகள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. குறிப்பெடுக்கும் செயலி இணையம் இல்லாமலே இயங்கும். ஆட்டம் முடிந்ததும் அது திரையில் ஒரு கியூஆர் கட்டத்தைக் காட்டும். ஒரு மடிக்கணினியின் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். ஆறு கைப்பேசிகளும் நாள் முழுவதும் விமானப் பயன்முறையிலேயே இருக்கலாம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண 1994-இல் உருவாக்கிய இந்தக் கட்டம் இன்று வடசேரி தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. அதைப் பற்றி எந்தப் பிள்ளைக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் அதிக அளவாக 4,296 எழுத்தெண் குறிகள் அடங்கும். ஒரு ரோபோவின் ஓர் ஆட்டத்துக்கு அறுபது குறிகளே மிகுதி. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய நிரல் இது.

அதுவும் வேண்டாம் என்றால் தாளும் பென்சிலும் இருக்கின்றன. ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணுவதற்கு எந்த அலைவரிசையும் தேவையில்லை. போட்டியின் முதல் ஆண்டில் தாளையே நான் பரிந்துரைப்பேன். எதைக் குறிக்க வேண்டும் என்று தெரியாத நிலையில் செயலி எழுதத் தொடங்குவது வேலைக்காகாது.

பகிர்வதற்கு எதிரான வாதங்களை நான் அறியாதவனல்லன். ‘நாள் முழுவதும் உட்கார்ந்து குறித்தவன் எங்கள் பிள்ளை; சும்மா இருந்தவனுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று ஓர் ஆசிரியர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. எண்ணிக்கை வேறு, கணிப்பு வேறு என்று பிரித்தால் விடை கிடைக்கும். எத்தனை பந்து சேர்த்தது, எத்தனை நொடி நின்றது என்பவை எல்லாரும் கண்ட உண்மைகள். அவற்றைப் பொதுவில் வைக்கலாம். அந்த எண்களிலிருந்து யாரைக் கூட்டாளியாக்குவது, எந்த உத்தியைக் கையாள்வது என்று முடிவெடுப்பது அந்தந்த அணியின் மூளை. அதைப் பகிரச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பங்கேற்காமல் பயனடைவோரைத் தவிர்க்க, ஆள் தந்த பள்ளிகளுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் உடனுக்குடனும், மற்றவர்களுக்கு மாலையிலும் தரலாம்.

பொய்க் குறிப்பு எழுதினால்? அதைக் கண்டுபிடிக்கவும் எளிய கணக்கு உண்டு. ஒரு கூட்டணியின் மூன்று ரோபோக்களுக்கும் தனித்தனியே குறித்த புள்ளிகளைக் கூட்டினால், நடுவர் அறிவித்த மொத்தத்துக்கு நெருங்கி வர வேண்டும். வராத தாளை ஒதுக்கிவிடலாம். பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் படிக்கும் சராசரியும் பிழையும் உயிர்பெறுவது இங்கேதான். இரண்டு பேர் ஒரே ரோபோவைப் பார்த்து வெவ்வேறு எண்ணை எழுதியிருப்பதைக் கண்டு அவர்கள் திகைக்கும் நிமிடம், எந்தப் புள்ளியியல் வகுப்பிலும் கிடைக்காதது.

ஓர் எல்லையை மட்டும் கண்டிப்பாக வரைய வேண்டும். குறிப்பு ரோபோவைப் பற்றியதாக இருக்க வேண்டும், பிள்ளையைப் பற்றியதாக அன்று. ‘இந்த அணியை ஓட்டும் பெண் பதற்றப்படுவாள்’ என்று ஒரு தாளில் எழுதி, அது ஐம்பது கைப்பேசிகளுக்குப் போனால், அது தரவு அன்று, அவதூறு. 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. பெயர், படம், வகுப்பு எதுவும் வேண்டாம். அணியின் எண் போதும்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், என் பட்டியல் சிறியது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகமும் போட்டி நடத்தும் கல்லூரிகளும் கூடி ஒரே ஒரு பக்க விதியை வகுக்கட்டும். எல்லாப் போட்டிகளுக்கும் அது பொதுவாக இருந்தால் பிள்ளைகள் ஒருமுறை கற்றால் போதும். ரோபோவின் வானலைப் பெயர் பள்ளிக்கு ஒதுக்கிய எண்ணாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றாத ரோபோவுக்குச் சோதனை மேசையில் அனுமதிச் சீட்டு இல்லை. கட்டளை வராமல் அரை நொடி கடந்தால் மோட்டார் தானே நிற்கும்படி நிரல் இருக்க வேண்டும். இது நான்கைந்து வரி, ஆனால் பார்வையாளர் கால்மேல் ரோபோ ஏறுவதைத் தடுப்பது அதுவே. ஹாட்ஸ்பாட்டுக்குத் தடை. பணம் செலுத்தவோ வீட்டுக்குப் பேசவோ இணையம் வேண்டுவோருக்கு அரங்குக்கு வெளியே ஓரிடம். தொடர்பு அறுந்ததாக முறையிடும் அணி, தன் பலகை பதிவுசெய்த கடைசிக் கட்டளையின் நேரத்தைக் காட்ட வேண்டும்; பலகை அணைந்து எழுந்திருந்தால் அதுவும் அங்கே தெரியும். அதைப் பார்த்தே மறு ஆட்டம் பற்றி நடுவர் முடிவெடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்த அரைமணிக்குள் மதிப்பெண் தாள் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மாலையில் எல்லாப் பள்ளிகளுக்கும் நகல்.

இதற்கு ஆள் வேண்டும் என்பார்கள். ஆள் இருக்கிறது. பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கும் மாணவர் இருவர், கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை ஆய்வுச் செயலியோடு அரங்கை முந்தின நாள் ஒருமுறை சுற்றிவந்தால், எந்த மூலையில் எந்த அலைவரிசை நெரிகிறது என்று வரைந்து தந்துவிடுவார்கள். களத்துக்கு மூன்று அலைவரிசைகளையும் எப்படி ஒதுக்குவது என்பதை அந்த வரைபடத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். அவர்களுக்கு அதற்கொரு சான்றிதழும் மதிய உணவும் தந்தால் முகம் மலர்ந்து செய்வார்கள்.

ஒன்றை மட்டும் போட்டி நடத்துவோர் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்த ஒரு பக்கத்தை அழைப்புக் கடிதத்தோடு சேர்த்து, குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே, தமிழில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். போட்டி நாளன்று காலையில் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தால், அந்த நேரத்தில் கடைவரம்புப் பள்ளிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் பேருந்தில்தான் இருப்பார்கள்.